சென்ட் அடித்தும் தீராத சந்தேகம்

வாசகர் கேள்வி, மனநல ஆலோசகர் பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. மும்பையின் அலுவலகப் பகுதியான பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு தாராவி, 90 ஃபீட் ரோடு பக்கம். ஆபீஸில் யார் கேட்டாலும் சயான் என்றுதான் சொல்வேன். கூட வேலை பார்ப்பவர் காரில் வந்தால் சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வீட்டுக்கு வருவேன். அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். வீடு ஒரே அறை. மாவுப் பாத்திரம் ராத்திரி முழுக்க என் துணிகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். லிஃப்டில் ஏறும் முன் துப்பட்டாவை முகர்ந்து பார்ப்பேன். சென்ட் அடித்திருந்தாலும் சந்தேகம் தீராது. தமிழில் பேச வேண்டுமே என்று அம்மாவின் போனை எடுப்பதில்லை. மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. போன வாரம் ஒரு பில்லில் ஜி.எஸ்.டி. இரண்டு தடவை ஏறியிருந்தது. முதலில் பார்த்தது நான்தான், சொல்லவில்லை. பக்கத்து சீட்காரர் சொல்லிப் பாராட்டு வாங்கினார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு தோழியின் பிறந்தநாளுக்குப் போனபோது, எங்கே இருக்கிறாய் என்று அவள் அம்மா கேட்டார். சொன்னதும், சோபாவில் இருந்த என்னை எழுப்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். எல்லாம் அதிலிருந்துதானா?
– வாசகி, மும்பை

பதில்: எல்லாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியை விட்டு நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த வயதுக் குழந்தைக்கு, இந்த அம்மாவுக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைக்கத் தோன்றாது. என்னிடம்தான் ஏதோ குறை என்றுதான் தோன்றும். வெட்கப்பட்டிருக்க வேண்டியவர் அவர். அதை இத்தனை காலம் நீங்கள் சுமந்திருக்கிறீர்கள்.

ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-லேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக எழுதினார். தப்பு செய்துவிட்டேன் என்று மனம் உறுத்துவது ஒன்று. நானே தப்பான ஆள் என்று கூசிப் போவது வேறு. முதலாவதற்கு வழி உண்டு: மன்னிப்புக் கேட்கலாம், சரிசெய்யலாம். இரண்டாவதில் சரிசெய்ய எதுவும் கிடையாது, ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். சயானில் இறங்குவதும், போனை எடுக்காததும், மீட்டிங்கில் மௌனமாக இருப்பதும் ஒளிவதுதான். அதில் களைத்துப் போனால் கோபம் வரும். ஆபீஸில் அதைக் காட்ட முடியாது, அம்மாவிடம் முடியும். அவமான உணர்வு அதிகம் உள்ளவர்களிடம் கோபமும் கூடுதலாகத் தெரிகிறது என்று ஜூன் டாங்னி போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் கெட்ட மகள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் அம்மாவுக்கு வலிக்கிறது. எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். இது சரிசெய்யக்கூடிய வகை.

மீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். பில்லில் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பாதி மனம் துப்பட்டாவில் இருக்கிறது, பக்கத்து சீட்காரர் மூக்கைச் சுளித்தாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மிச்சப் பாதியை வைத்து நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான, ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, பலர் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். உங்கள் துப்பட்டாவை முகர்ந்து பார்ப்பது உங்கள் ஆபீஸில் அநேகமாக நீங்கள் ஒருவர்தான்.

அதற்காக எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று தட்டிவிட எனக்கு மனசில்லை. முகவரியை வைத்தும் சாதியை வைத்தும் ஆளை எடைபோடுகிறவர்கள் இந்த ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் வேலை பார்த்து இந்த நகரத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். காலையில் உங்கள் அப்பாவின் ஹாரன் சத்தத்துக்குக் காத்திருந்து இட்லி வாங்கிச் சாப்பிடும் வாட்ச்மேன்களும் டாக்சிக்காரர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். யாருடைய பார்வையை உங்கள் அளவுகோலாக வைப்பது என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

மைக் பிடித்து எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். அம்மா போன் வந்தால் எடுங்கள். இடத்திலேயே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், "சாப்டியாம்மா, சாயங்காலம் பேசறேன்" என்று தமிழில் ஒரு நிமிடம் பேசுங்கள். அப்புறம், நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் வீடு தாராவி, அப்பா இட்லி வியாபாரம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சிரித்து மழுப்பாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். மீட்டிங் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சின்னக் கேள்வியாவது கேட்டுவிடுங்கள். நேரம் ஆக ஆக வாய் திறப்பது கஷ்டமாகும். தூக்கமோ சாப்பாடோ கெடுகிற அளவுக்குப் போனால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: என் எட்டு வயது மகள் பொங்கல் விழா மேடையில் குறள் சொல்லும்போது பாதியில் மறந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். உறவினர்கள் இன்றும் அவளை "குறள் ராணி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது வகுப்பில்கூடப் பேசுவதில்லை. மறுபடி மேடை ஏற்றினால் பயம் போகுமா?
– ஒரு தந்தை, டோம்பிவிலி

பதில்: முதலில் அந்தப் பட்டப்பெயரை நிறுத்துங்கள். மாமாவோ சித்தப்பாவோ, யாராக இருந்தாலும் அவள் எதிரிலேயே, "இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்லுங்கள். மூன்று வயதுக்குள்ளேயே குழந்தைகளிடம் இந்தக் கூச்சம் தலைகாட்டத் தொடங்கிவிடும். எட்டு வயதில் அது விளையாட்டில்லை. மேடையில் மறந்தது ஒரு நிமிடம், நீங்கள் எல்லாரும் அதைத் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பு ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு அவளை எழுப்பிக் கேள்வி கேட்காமல், பக்கத்தில் வந்து பதில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டிக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டட்டும். நடுவில் திருத்தாதீர்கள். அடுத்த பொங்கலுக்கு நீங்களாக அவள் பெயரைக் கொடுக்க வேண்டாம். அவளே கேட்டால் கொடுங்கள், குறள் எழுதிய தாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.