அப்பாவின் கால் எரிவுக்கு மனநோய்க் குளிசையா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாகச் சீனி வியாதி. இரவில் பாதம் இரண்டும் எரிகிறது என்று கிளினிக்கில் சொன்னோம். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் தந்து, பிறகு 25 ஆக்கினார்கள். எரிவு குறைந்தது, தூக்கமும் வந்தது. போன கிழமை தடிமலுக்குக் கடையில் பிரிட்டோன் வாங்கிப் போட்டார். அதிலிருந்து வாய் காய்கிறது, சலம் விட்டு விட்டுப் போகிறது, காலையில் தள்ளாடுகிறார். பக்கத்து வீட்டுத் தம்பி போனில் தேடிப் பார்த்து, இது மனநோய்க்குக் கொடுக்கிற குளிசை என்று சொல்லிவிட்டான். “எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று அப்பா குளிசையை வீசப் பார்க்கிறார். ஒரே குளிசை மனதுக்கும் காலுக்கும் வாய்க்கும் எப்படிப் போகும்?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டோனை இன்றோடு நிறுத்துங்கள். அமிட்ரிப்டிலினை வீச வேண்டாம், ஆனால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். சலம் முழுதாக நின்று அடிவயிறு வீங்கி வலித்தால், பேச்சுத் தடுமாறினால், மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், கண் சிவந்து வலித்தால் அந்த நேரமே வாகனம் பிடியுங்கள். உங்கள் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

அப்பாவுக்கு வந்திருப்பது நரம்பு நோவு, பைத்தியம் இல்லை. அமிட்ரிப்டிலின் 1961இல் மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது, தம்பி சொன்னதில் பொய் இல்லை. மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். 10, 25 என்ற சிறிய அளவுகள் பெரும்பாலும் நரம்பு நோவுக்குத்தான். முள்ளந்தண்டு வடத்தில் நோவுச் செய்தியை அடக்கும் செரட்டோனினையும் நோரதிரனலினையும் நரம்பு முனைகள் சீக்கிரம் திரும்ப உறிஞ்சிவிடாமல் இது தடுக்கிறது. மருந்து உறையில் “இரவு 1” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நோயாளிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அப்பா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. நரம்புகள் விடுகிற இரசாயனச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதங்களை வாங்கிகள் என்கிறோம். ஹிஸ்டமின், அசற்றைல்கோலின், நோரதிரனலின், செரட்டோனின் ஆகியவற்றின் வாங்கிகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். ஒவ்வொன்றும் கலத்தின் மெல்லிய உறையான கலமென்சவ்வை ஏழு தரம் ஊடுருவி நிற்கும் ஒற்றைப் புரத இழை. அந்த ஏழு சுருள்களுக்கும் நடுவே ஒரு குழி. அந்தக் குழியில், மூன்றாவது சுருளில், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் எதிர் ஏற்றத்தோடு நிற்கிறது. நமது லயத்து வீடுகளைப் போலத்தான்: எல்லாம் ஒரே அமைப்பில் கட்டியவை, இருட்டில் வீடு மாறி நுழைந்தவருக்கும் அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியும்.

அமிட்ரிப்டிலினின் உடம்பைப் பாருங்கள். ஒரு முனையில் நைதரசன். இரத்தத்தில் அது நேர் ஏற்றத்தோடு இருக்கும், நேரே போய் அந்த அஸ்பார்ட்டிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் கொழுப்புத் தன்மையுள்ள மூன்று வளையங்கள், குழியின் அடியில் போய் இறுகிக்கொள்ளும். இது வெறும் ஊகம் இல்லை. 2011இல் ஹிஸ்டமினின் எச்1 வாங்கியைப் பளிங்காக்கி அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதற்குள் உட்கார்ந்திருந்தது டொக்செபின், அமிட்ரிப்டிலினின் உடன்பிறப்பு. நடு வளையத்தில் ஒரு ஒட்சிசன் அணு இருப்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். 2012இல் அசற்றைல்கோலினின் எம்2, எம்3 வாங்கிகளின் அமைப்பும் வெளிவந்தது. இந்தக் குடும்பத்தை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் இரசாயனவியல் நோபல் கிடைத்ததும் அதே வருடம்தான்.

குழிக்குள் போனால் மட்டும் போதாது, போனபின் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். அசற்றைல்கோலின் மிகச் சிறிய மூலக்கூறு. அது உட்கார்ந்ததும் எம் வாங்கியின் குழி அதைச் சுற்றிச் சுருங்கும், சுருள்கள் நகரும், கலத்துக்குள் செய்தி போகும். பெரிய வளையங்களோடு வரும் மருந்து குழியைச் சுருங்க விடாது. வாங்கி அசையாமல் கிடக்கும், செய்தியும் போகாது. உள்ளே ஆள் இருப்பதால் உரிய அசற்றைல்கோலினுக்கும் இடம் இல்லை.

இப்போது அப்பாவைப் பார்ப்போம். மூளையை விழிப்பாக வைத்திருப்பதில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு உண்டு. அமிட்ரிப்டிலின் எல்லாவற்றையும்விட இறுக்கமாக ஒட்டும் இடங்களில் எச்1 ஒன்று, அதனால்தான் 10 மில்லிகிராமிலேயே தூக்கம் வந்தது. எம்3 உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சலப்பையின் தசையிலும் இருக்கிறது. அது அடைபட்டால் வாய் காயும், சலப்பை முழுமூச்சாகச் சுருங்காது. இந்த வயதில் புரொஸ்டேட் சுரப்பி கொஞ்சம் பெருத்திருந்தால் மீதியைச் சொல்லத் தேவையில்லை. நோரதிரனலினின் அல்பா1 வாங்கியும் அடைபடுவதால், படுத்திருந்து சட்டென்று எழும்பும்போது பிரசர் இறங்கும். இரவில் கக்கூசுக்கு ஈரப் படிக்கட்டில் இறங்கிப் போகும் மனிதருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழும்பச் சொல்லுங்கள். யாராவது கூடப் போங்கள்.

பிரிட்டோன், அதாவது குளோர்பெனிரமினும், நேர் ஏற்ற நைதரசனும் வளையங்களும் கொண்டதுதான். அதே எச்1, கொஞ்சம் எம் வாங்கிகள். தனியாகப் போட்டிருந்தால் அன்று மத்தியானம் தூங்கி எழும்பியதோடு போயிருக்கும். ஏற்கனவே பாதி அடைபட்டிருந்த வாங்கிகள் மேல் இன்னொன்று வந்து சேர்ந்ததுதான் வினை. தடிமலுக்கு இனி ஆவி பிடிக்கட்டும். ஒவ்வாமைக்கு மருந்து தேவைப்பட்டால் செட்டிரிசின் போன்ற புதியவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். செட்டிரிசினில் எதிர் ஏற்றமுள்ள ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். எச்1 குழியின் வாசலருகே நேர் ஏற்றமுள்ள லைசின் அமினோ அமிலங்கள் உண்டு, அது அவற்றோடு பிணையும். மற்ற வாங்கிகளின் வாசலில் அந்த வசதி இல்லை, ஆகவே அங்கெல்லாம் அதிகம் ஒட்டாது. மூளைக்குள்ளும் குறைவாகத்தான் போகும். ஆனாலும் சிலருக்கு இதிலும் தூக்கம் வரும். சிறுநீரகம் பழுதென்றால் அளவையும் குறைக்க வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வாய் காய்கிறது என்று அப்பா வெற்றிலை கூடப் போடுகிறாரா? பாக்கிலுள்ள அரிகோலின் சிறிய மூலக்கூறு, அசற்றைல்கோலினைப் போலவே எம் வாங்கியைத் தூண்டி உமிழ்நீரை ஊற வைக்கும். மருந்து அடைக்கிற அதே குழிதான். அதனால் வாய்க்குச் சுகமாக இருக்கும், போடுவதும் கூடிக்கொண்டே போகும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். தண்ணீரை மிடறு மிடறாகக் குடிப்பதும் சீனியில்லாத சுவிங்கம் மெல்லுவதும் போதும்.

சலச் சிரமம் தொடர்ந்தால் வைத்தியர் பிரிகபலின் போன்ற ஒன்றுக்கு மாற்றக்கூடும். அது ஒட்டுவது இந்தக் குடும்பத்தில் இல்லாத, கல்சியம் வாயிலோடு சேர்ந்த வேறொரு புரதத்தில். சலத்தை அடைக்கும் தொல்லை அநேகமாக இராது. தலைசுற்றலும் கால் வீக்கமும் வரலாம். அதன் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது என்பதால் கடைசியாக எடுத்த கிரியேற்றினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) துண்டு, கிளினிக் புத்தகம், வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசை உறைகள், கடையில் வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். பாதம் குளிருகிறது என்று அப்பா அடுப்போரம் காலை நீட்டி உட்காருபவரானால் அதையும் சொல்லுங்கள். உணர்வு குறைந்த பாதத்தில் சூடு பட்டாலும் தெரியாது, கால் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.