படவா ராஸ்கல்!

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி என் ஏழு வயதுப் பேரனைப் பார்த்து ‘லிட்டில் ராஸ்கல்’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. மருமகளோ கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதற்குக் கோபம் என்றே அந்தப் பாட்டிக்கு விளங்கியிருக்காது. இன்றைய இங்கிலாந்தில் ராஸ்கல் என்பது பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளைக்கும், செருப்பைக் கடித்துவைத்த நாய்க்குட்டிக்கும் சொல்வது. நம் ‘வாலு’ மாதிரி.

காரம் இருந்த காலமும் உண்டு. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முதலில் தனி ஆளைக் குறிக்கவில்லை. ‘கண்ட கழிசடைக் கூட்டம்’ என்கிறோமே, அதைக் குறித்தது. வேட்டைக்குப் போனவர்கள், மந்தையில் துரத்த லாயக்கில்லாத நோஞ்சான் மானையும் ராஸ்கல் என்றார்கள். ஆக, திருடன், பொய்யன் என்பதல்ல பழைய பொருள். ‘நீ மட்டம்’ என்பதுதான். ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் கென்ட் பிரபு ஒரு வேலையாளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார். ராஸ்கல் என்பார், அதே மூச்சில் ‘மிச்சம் மீதி தின்கிறவன்’ என்பார். எஜமான் தட்டில் மீந்ததைத் தின்பது அயோக்கியத்தனமா என்ன? இல்லாத கொடுமை. அன்றைக்கு அதுவே வசவு.

வெள்ளைக்கார ஆட்சியோடு நம்மூருக்கு வந்த சொல்லை நாம் காரம் போகாமல் ஊறுகாய் போட்டு வைத்துக்கொண்டோம். போதாதென்று முன்னால் ஒரு ‘அயோக்கிய’ வேறு. அதன் சொந்த ஊரிலோ நீர்த்துப்போய்விட்டது. பாப்புவா நியூ கினியில் இன்னும் மோசம்: அங்கே ‘ராஸ்கோல்’ என்றால் கும்பல் சேர்ந்து கொள்ளையடிக்கிறவன். அந்நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் யாராவது உங்கள் பேரனை அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கும் சுருக்கென்றிருக்கும்.

சரி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் அவனை ஒருநாளும் ‘படவா’ என்று கன்னத்தைக் கிள்ளியதே இல்லையா? அந்தச் சொல்லின் பூர்வீகத்தை மட்டும் அகராதியில் தேடாதீர்கள். அப்புறம் கிள்ளக் கை வராது.