தினமும் வீட்டாரைப் படம் எடுத்தே போட்டோகிராபி கற்றுக்கொள்ள முடியுமா?

கேட்டவரின் நிலைமை இது: கையில் ஒரு மொபைல், அலமாரியில் ஒரு பழைய கேமரா. வகுப்புக்குப் போக நேரமில்லை. வீட்டில் இருப்பவர்களைத் தினம் ஒரு படம் என்று ஒரு வருடம் எடுத்தால் கலை கைக்கு வருமா, இல்லை ஒரே மாதிரிப் படங்களாகக் குவிந்துவிடுமா? புதுக் கேமரா வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

வரும். ஒரே மாதிரிப் படங்களும் குவியத்தான் செய்யும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நானும் இப்படிக் கற்றுக்கொண்டவள்தான். பிள்ளைகள், வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வாய்த்த ஒரே வகுப்பறை எங்கள் வீட்டுக் கூடம்.

வெளியூர் போனால் மலையோ கடலோ ஏதாவது ஒன்று நமக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். படம் நன்றாக வந்தால் அது இடத்தின் அழகா, எடுத்தவர் கைத்திறனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. அதே சுவர், அதே நாற்காலி, அதே நாலு முகம். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் நடுவே மாறியது வெளிச்சமும், நீங்கள் நின்ற இடமும், பொத்தானை அழுத்திய நொடியும்தான். அதனால் இந்தப் படம் ஏன் தேறியது, அது ஏன் தேறவில்லை என்று காரணம் பிடிப்பது சுலபம். கற்றுக்கொள்ள வேண்டியதும் அந்தக் காரணத்தைத்தானே.

முதல் சில வாரங்கள் ஜன்னலை மட்டும் கவனியுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பையனை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெளிச்சமாக இருக்கும், மறுபக்கம் நிழலில் போகும். திறந்திருக்கும் நோட்டின் வெள்ளைத் தாள் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அனுப்பி, தாடையின் அடிப்பக்கத்தை லேசாகத் தூக்கிக் காட்டும். நோட்டை மூடச் சொல்லிப் பாருங்கள் (அவனுக்கு அதைவிடச் சந்தோஷமான கட்டளை இருக்காது). தாடைக்குக் கீழே சட்டென்று இருட்டிவிடும். ஸ்டுடியோவில் வெள்ளை அட்டை பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவர் செய்யும் வேலையை இங்கே நாற்பது பக்க நோட்டு செய்கிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர், மேசைமேல் கிடக்கும் செய்தித்தாள் எல்லாமே உங்களுக்கு விளக்குகளாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து, அவனை நாற்காலியோடு உள்ளே நகர்த்துங்கள். ஜன்னல் சின்னதாக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானதும் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெரிய ஜன்னலாக இருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் இவ்வளவு வேகமாகக் குறையாது. நம் கண் இதற்கெல்லாம் தானே பழகிக்கொள்வதால் வித்தியாசம் உறைக்காது. கேமராவுக்கு உறைக்கும். மத்தியானம் நன்றாக வந்த இடத்தில் சாயங்காலம் படம் கலங்கிப்போவதற்கு இதுதான் காரணம். அறை இன்னும் வெளிச்சமாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்று: படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் போதுமானால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதை நிறவெப்பம் என்ற அளவு சொல்லும், எண் கூடக் கூட நீலம். மஞ்சள் பல்பின் நிறவெப்பம் 2700 கெல்வின் வாக்கில் இருக்கும், பகல் வெளிச்சம் 5500 வாக்கில். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும். வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) எப்படித் திருகினாலும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அணைக்க முடியாத சூழ்நிலையில் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவது என் வழக்கம். சிலர் இதை ஏமாற்று வேலை என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

செட்டிங்குகளைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். குடும்பத்தைப் படம் எடுப்பவருக்கு முதலில் வேண்டியது ஷட்டர் வேகம் ஒன்றுதான், அதாவது கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. அமைதியாக உட்கார்ந்து படிக்கும் பெரியவருக்கு 1/60 விநாடி போதும், கை நடுங்காமல் இருந்தால். நடக்கும் குழந்தைக்கு 1/250. கட்டிலிலிருந்து குதிக்கும் குழந்தைக்கு 1/500க்குக் குறையக் கூடாது. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கியில் விட்டு, உச்ச அளவை 3200 அல்லது 6400 என்று வைத்துவிடுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆடிப்போன முகத்தைத்தான் பிற்பாடு எதுவும் செய்ய முடியாது.

வேகமான ஷட்டரோடு சில எல்இடி விளக்குகளின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். விளக்கு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னிக்கொண்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை. ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பெரும்பாலும் பட்டை போய்விடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் இருப்பவர்கள் 1/120, 1/60 என்று வைத்துப் பார்க்கலாம்.

அபர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை, எஃப் எண் சின்னதானால் துளை பெரிது) விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு காதல் பருவம் வரும். எஃப் 1.8 லென்ஸ் கைக்கு வந்ததும் பின்னணியெல்லாம் கரைந்துபோவதைப் பார்த்து, அந்த எண்ணைவிட்டு நகரவே மனம் வராது. 50 மிமீ லென்ஸில் 1 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால், துல்லியமாக விழும் ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் தெளிவாகவும் மற்றவர் ஆவி மாதிரியும் வருவார்கள். இரண்டு பேர் என்றால் எஃப் 4க்குப் போங்கள். அதோடு, குடும்பப் படத்தில் பின்னணியும் குடும்பம்தான். காயப் போட்ட துணி, சுவரில் பிள்ளை கிறுக்கிய கிறுக்கல், மூலையில் கிடக்கும் உடைந்த பொம்மை, இவற்றையெல்லாம் மங்கலாக்கிவிட்டால் பத்து வருடம் கழித்துப் பார்க்க முகம் மட்டும்தான் மிஞ்சும். எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

கேமரா வெள்ளையைக் கண்டால் ஏமாறும். வெளிச்சத்தை அளக்கும் அதன் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஃபிரேம் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்பு, நடுவே தூங்கும் குழந்தை என்றால் படம் அழுக்காக இருண்டு வரும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் அளவை (படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவும் செட்டிங்) +1 ஆக்குங்கள். கறுப்புச் சட்டை, கறுப்புச் சோபா என்றால் எதிர்த்திசையில் குறைக்க வேண்டும். மொபைலில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுப்பது இதே வேலைதான்.

மொபைல் என்றதும் சொல்ல வேண்டியது: அதன் முக்கிய லென்ஸ் பொதுவாக முழுச்சட்டகக் கேமராவின் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளது) 24 முதல் 28 மிமீ லென்ஸுக்குச் சமமானது, அதாவது அகலமானது. முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். இரண்டடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

சரி, கருவி இவ்வளவு போதும். கஷ்டமான பகுதி வீட்டில் இருப்பவர்கள்.

கேமராவைத் தூக்கியதும் பெரியவர்கள் விறைப்பாக நிற்பார்கள், பிள்ளைகள் பல்லைக் காட்டுவார்கள். "சிரி" என்று சொல்வதை நிறுத்துவதுதான் முதல் வேலை. கேமராவை உறையில் பூட்டி வைக்காமல் மேசைமேல் கிடக்க விடுங்கள். தினமும் கையில் பார்த்துப் பார்த்து அவர்களுக்கே சலித்துப்போகும். அந்தச் சலிப்பு வந்த பிறகுதான் படங்கள் கிடைக்க ஆரம்பிக்கும். தினசரித் திட்டத்தின் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான். மாதம் ஒருமுறை கேமராவோடு வருபவர் விருந்தாளி, அவரைக் கண்டால் எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள்.

கைகளைப் பாருங்கள். ஷூ கயிற்றை முடிந்து பழகும் விரல்கள், தலை பின்னும் கை, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் கை. முகம் தெரியாத படத்திலும் அது யார் என்று உங்கள் வீட்டுக்குத் தெரியும். ஒரு வாரம் முகமே இல்லாமல் எடுத்துப் பாருங்கள், கண் வேறு இடங்களுக்குப் போகப் பழகும். அதேபோல, படத்துக்கென்று எல்லோரும் நின்று கலைந்த பிறகும் கேமராவை இறக்காதீர்கள். கலையும்போது ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள், யாராவது யாரையாவது கிள்ளுவார்கள். அங்கேதான் படம் இருக்கும்.

பதின்ம வயதுப் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் மகள் ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை யாருக்கும் அனுப்பாதம்மா" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு நடைமுறை: எடுக்கலாம், காட்டலாம், வெளியே போவதற்கு அவரவர் சம்மதம் வேண்டும், அழி என்றால் அழித்துவிட வேண்டும். இந்த உறுதி கிடைத்த பிறகு அவர்கள் என் முன்னால் இன்னும் இயல்பாக இருந்தார்கள். பேசத் தெரியாத குழந்தைக்காக நாம்தான் யோசிக்க வேண்டும். குளிக்கும் படம், அழும் படம், பள்ளிப் பெயர் தெரியும் சீருடைப் படம் எதுவும் பொதுவெளிக்கு வேண்டாம். மொபைல் கேமராவில் இடக்குறிப்பு பதிவாவதையும் நிறுத்திவிடுங்கள்.

பொதுவெளி பற்றி என் கருத்து இன்னும் கொஞ்சம் கறார். கற்றுக்கொள்ளும் காலத்தில் தினமும் பதிவேற்றாதீர்கள். விருப்பக்குறி குவிவது எப்போதும் குழந்தையின் முகத்துக்குத்தான், உங்கள் படத்துக்கு இல்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த தாத்தாவின் முதுகுக்கு மூன்று பேர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உடனே நாமும் நம்மை அறியாமல் முகத்துக்கே திரும்பிவிடுவோம்.

பாடம் நடப்பது ராத்திரியில். பகலில் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் படுக்கப் போகும் முன் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏன் அது என்று ஒரு வரி எழுத வேண்டும். 'அழகாக இருக்கிறது' என்று எழுதக் கூடாது. 'பின்னாலிருக்கும் கதவுச் சட்டம் தலையை வெட்டவில்லை', 'கண் மூடுவதற்கு முந்தைய நொடி' என்பது மாதிரி. கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒன்றில் கை முழங்கையோடு வெட்டுப்படுகிறது, மற்றதில் முழுதாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடான வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. மாத முடிவில் ஒதுக்கிய படங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். அன்றைய அலுப்பில் தள்ளிவிட்ட சில படங்கள் இப்போது வேறு மாதிரித் தெரியும்.

தினமும் ஒன்றே ஒன்று என்ற பழக்கத்துக்குப் பெரிய முன்னோடி ஜேமி லிவிங்ஸ்டன் என்ற நியூயார்க்காரர். 1979 மார்ச் 31 முதல், தான் இறந்த 1997 அக்டோபர் 25 வரை நாளுக்கு ஒரு போலராய்டு படம் (எடுத்ததும் கேமராவிலிருந்தே தாளாக வரும் படம்) எடுத்தார். 6,000க்கும் மேல். நண்பர்கள், சாப்பாட்டு மேசை, கடைசிக் காலத்தில் மருத்துவமனை என்று பெரும்பாலும் சாதாரண நாட்கள்தான். பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்ரி லார்த்திக் (பிறப்பு 1894) சிறுவனாக இருந்தபோதே தன் வீட்டார் குதிப்பதையும் ஓடுவதையும் எடுத்துத் தள்ளியவர். உலகம் அவரைக் கவனித்தது 1963இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது. அதுவரை அவை வீட்டு ஆல்பத்துப் படங்கள்தான்.

நடுவில் நாள் தவறும். காய்ச்சல், பயணம், வெறும் சோம்பல். தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு எடுத்துக் கணக்கை நேர்செய்ய வேண்டாம், விட்டுவிட்டுத் தொடருங்கள். எதுவும் தோன்றாத நாளுக்கென்று ஒரு சுலபமான படத்தைக் கைவசம் வைத்திருங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு கூடம் கிடக்கும் கோலம் எனக்கு அப்படி உதவியிருக்கிறது.

அப்புறம், படம் எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டார். வாரம் ஒருமுறையாவது டைமர் வையுங்கள், அல்லது கேமராவைப் பிள்ளையிடம் கொடுங்கள். என் பையன் எடுத்தவற்றில் பெரியவர்களுக்கெல்லாம் முழங்காலும் மூக்குத் துவாரமும்தான். அவன் உயரத்தில் வீடு அப்படித்தான் இருக்கிறது என்று பார்த்த பிறகு, நானும் தரையில் உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன். குழந்தைப் படங்களில் பாதிக் குறை அதிலேயே தீர்ந்தது.

படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒன்றிரண்டு படங்களைத் தாளில் அச்சிடுங்கள். திரையின் பிரகாசம் இருண்ட படத்தையும் நன்றாகக் காட்டிவிடும், தாளில் அது நடக்காது.

புதுக் கேமரா வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். சில மாதம் போனதும் நீங்கள் ஒதுக்கிய படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் சாயங்காலத்தில் ஆடிப்போனவை என்றால், அந்தப் பழைய கேமராவுக்கு 35 மிமீ எஃப் 1.8 மாதிரி வெளிச்சம் நிறைய உள்ளே விடும் ஒரு லென்ஸ் பழையதாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பின்னணிக் குப்பையாலும் தவறிய நொடியாலும் ஒதுக்கியவை என்றால், வாங்க வேண்டியது எதுவும் இல்லை.