டெலிவரி வண்டி ட்ரெயினிங் சேரப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. 14 வருஷமா குட்டி யானை ஓட்டுறேன், அதுல கடைசி மூணு வருஷமா ஒரு ஹப்ல புதுசா வர்ற பசங்களுக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக் குடுக்குற வேலையும் சேர்ந்துக்கிச்சு. "அண்ணா அடுத்த மாசம் ட்ரெயினிங், என்ன ரெடி பண்ணணும்"னு ஆளாளுக்கு போன் பண்றீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதனால எல்லாரும் இங்கயே கேட்டுருங்க.

கேள்வி (வியாசர்பாடி): அண்ணா, என்கிட்ட கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கு, பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸ்ல ஏத்துற தனி அனுமதி) இல்ல. டி போர்டு வண்டி ஓட்ட முடியுமா?

ஓட்டலாம் தம்பி. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் தெளிவா சொல்லிருச்சு, எல்எம்வி லைசென்ஸ், அதாவது உன் கார் லைசென்ஸ், இருந்தா மொத்த எடை 7500 கிலோவுக்குள்ள இருக்குற டிரான்ஸ்போர்ட் வண்டிய ஓட்டலாம், தனியா பேட்ஜ் தேவையில்லைன்னு. குட்டி யானை, தோஸ்த், பிக்கப் எல்லாம் இதுக்குள்ளயே அடங்கிரும். ஆனா சட்டம் ஒண்ணு, கம்பெனி ஹெச்ஆர் ஒண்ணு, சில எடத்துல இன்னும் பேட்ஜ் இருக்கான்னு கேக்குறாங்க, போறதுக்கு முன்னாடி போன்ல கேட்டுட்டுப் போ. அப்புறம் அந்த லைசென்ஸ்ல டேட் முடிஞ்சிருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாரு. ட்ரெயினிங் முத நாள் காலைல வந்து "சார் எக்ஸ்பைரி ஆயிருக்கு, கவனிக்கல"ன்னு நின்னவன் ஒருத்தனா ரெண்டு பேரா.

கேள்வி (எண்ணூர்): எனக்கு 19 வயசு.

டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு 20 முடிஞ்சிருக்கணும். அது வரைக்கும் சொந்தக்காரங்க ஓன் போர்டு காரை வாங்கி கை பழகு, குறிப்பா ரிவர்ஸ்.

கேள்வி (பம்மல்): டிரைவிங் ஸ்கூல்ல 21 நாள் கத்துக்கிட்டேன், அப்புறம் எதுக்கு தனியா ஒரு ட்ரெயினிங்?

அந்த 21 நாள்ல நீ ஸ்டியரிங் புடிச்சது எவ்ளோ நேரம்னு கூட்டிப் பாரு. ரூல் படி எல்எம்விக்கு குறைஞ்சது 10 மணி நேரம் வண்டி ஓட்ட வைக்கணும், நிறைய பேருக்கு அதுவே முழுசா கெடைச்சிருக்காது, சார் பாதி நேரம் டூயல் பிரேக்ல கால வச்சுக்கிட்டு போன் பேசிட்டு வந்திருப்பாரு. சென்ட்ரல் கவர்மென்ட் 2021ல கொண்டு வந்த அக்ரெடிட்டட் சென்டர் (அரசு அங்கீகாரம் வாங்குன டிரைவிங் ட்ரெயினிங் சென்டர்) முறைல பாத்தா அதே எல்எம்விக்கு நாலு வாரத்துல 29 மணி நேரம், அதுல 21 மணி நேரம் ப்ராக்டிகல். அப்டின்னா நம்ம எவ்ளோ கம்மியா கத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்திருக்கோம் பாரு. அது போக டிரைவிங் ஸ்கூல்ல எவனும் பின்னாடி லோடு வச்சு சொல்லித் தர மாட்டான். காலி வண்டி ஒரு மாதிரி பிரேக் புடிக்கும், முக்கா டன் ஏத்துன வண்டி வேற மாதிரி, மழைல அதே வண்டி மூணாவது மாதிரி.

கேள்வி (பெரம்பூர்): மொத நாள் எதை வச்சு ஆளை எடை போடுவாங்க? வேகமா ஓட்டிக் காட்டணுமா?

வேகமா ஓட்டிக் காட்டுனா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்குக் கத்துக் குடுத்த பெரியவர் பழைய லாரி டிரைவர், ஸ்டீல் யார்டுக்கு ஓட்டுனவரு. மொத நாள் மாதவரத்துலேந்து ரெட்ஹில்ஸ் பக்கம் போயிட்டு இருக்கோம், திடீர்னு தோள்ல கெடந்த துண்டை எடுத்து உள்ள இருக்குற கண்ணாடி மேல போட்டாரு, என் பக்க மிரரையும் கைய நீட்டி மடக்கி வுட்டாரு. "பின்னாடி என்ன வண்டி வருது சொல்லு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. "ஆட்டோ சார்"னு அடிச்சு வுட்டேன். ஓரமா நிறுத்த சொல்லிட்டு எறங்கிப் பாருன்னாரு, எறங்குறதுக்குள்ள தண்ணி லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டு எங்கள தாண்டிப் போவுது. ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல மனுஷன். இப்ப நான் புதுப் பசங்ககிட்ட பண்றதும் அதே வேலைதான், துண்டுக்கு பதிலா கர்சீப். கை எப்டி ஸ்டியரிங் புடிக்குதுன்னு அப்புறம் பாத்துக்கலாம், கண்ணு எங்க போவுதுன்னுதான் மொதல்ல பாப்போம். இதுக்கு வீட்லேந்தே ரெடி பண்ணலாம். பைக்ல போறப்ப அஞ்சாறு செகண்டுக்கு ஒரு தடவை மிரர் பாரு, பாத்தது என்ன வண்டின்னு வாய் விட்டு சொல்லு, ஹெல்மெட்டுக்குள்ள யாருக்குக் கேக்கப் போவுது.

கேள்வி (அம்பத்தூர்): என் மச்சான் அமெரிக்கால யூபிஎஸ்னு ஒரு பார்சல் கம்பெனியோட டிரைவர் ஸ்கூல் போறான், ஏதோ அஞ்சு பழக்கத்த மனப்பாடமா ஒப்பிக்கணுமாம். நமக்கும் அது உண்டா?

இங்க ஒப்பிக்க சொல்ல மாட்டாங்க, ஆனா தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுதான். 1952ல ஹெரால்டு ஸ்மித்னு ஒருத்தர் ஆரம்பிச்ச முறை அது. நம்ம பாஷைல சொன்னா: தூரத்த பாத்து ஓட்டு, சுத்தி நடக்குறது மொத்தத்தையும் பாரு, கண்ண ஒரே எடத்துல நட்டு வைக்காத, தப்பிக்க ஒரு பக்கம் எடம் வச்சுக்கோ, நீ வர்றது அடுத்தவனுக்கு தெரியுதான்னு பாத்துக்கோ. நாலாவது சென்னைல ரொம்பக் கஷ்டம், நீ வுடுற கேப்ல ரெண்டு ஆக்டிவாவும் ஒரு ஷேர் ஆட்டோவும் வந்து சொருகிரும். பரவால்ல, திரும்ப கேப் வுடு. இன்னொண்ணு, யூபிஎஸ்காரங்க முடிஞ்ச வரைக்கும் லெஃப்ட் திரும்பாத மாதிரி ரூட் போடுவாங்க, ஏன்னா அங்க வலது பக்கமா ஓட்டுறாங்க, லெஃப்ட் திரும்புனா எதிர்ல வர்றவன குறுக்க வெட்டணும். நமக்கு அந்தத் தொல்லை ரைட் திரும்புறப்ப. போறப்ப ரோட்டுக்கு இடது பக்கம் இருக்குற டெலிவரிய எல்லாம் முடி, எதிர்ப்பக்கம் இருக்குறத திரும்பி வர்றப்ப வச்சுக்கோ, டீசலும் மிச்சம், பிபியும் ஏறாது.

கேள்வி (கொளத்தூர்): அண்ணா ரிவர்ஸ்தான் பயம். கேமரா இருக்குற வண்டி குடுப்பாங்களா?

கேமராவ நம்பி சௌகார்பேட்டைக்குள்ள போயிராத தம்பி. மின்ட் ஸ்ட்ரீட்லேந்து பிரியுற சந்துங்கள்ல ஒரு பக்கம் கைவண்டி, ஒரு பக்கம் மாடு, நடுவுல மூட்டைய தலைல தூக்கிட்டு ஒருத்தர் குனிஞ்சபடியே வருவாரு, அவருக்கு உன் வண்டி தெரியாது, உனக்கும் அவரு தெரிய மாட்டாரு. நான் சொல்றது ஒண்ணுதான், எறங்கிப் பாரு. வண்டிய நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, எறங்கி பின்னாடி போய் தரைய பாரு, தலைக்கு மேலயும் பாரு, கேபிள் ஒயர் தொங்கும், கடை போர்டு நீட்டிட்டு இருக்கும். ஏறி உக்காந்த உடனே எடு, எறங்கி டீ குடிச்சிட்டு வந்து எடுத்தா பாத்தது வேஸ்ட், அதுக்குள்ள ஒரு ஸ்கூட்டி வந்து நின்னிருக்கும். லோடுமேன் இருந்தா உன் சைடு மிரர்ல அவன் மூஞ்சி தெரியுற எடத்துல நிக்க சொல்லு, மூஞ்சி மறைஞ்சா அந்த செகண்டே பிரேக். "வா வா வா"ன்னு வண்டிக்கு நேர் பின்னாடி நின்னு கத்துறவன நம்பாத, இப்டித்தான் ஒரு தடவை ட்ரெயினேஜ் சிலாப் ஒடைஞ்சு பின் வீல் உள்ள போயிருச்சு, அவன் கடைசி வரைக்கும் "வா வா"தான் சொன்னான். சிலாப் காசு என் சம்பளத்துல.

கேள்வி (மயிலாப்பூர்): லோடு அடுக்குறதும் டிரைவர் வேலையா?

அடுக்குறது லோடுமேன், ஆனா சரியா இருக்கான்னு பாக்குறது நீ. வெயிட்டான சரக்கு கீழ, கேபினை ஒட்டி. லேசானது மேல. கடைசி டெலிவரி மொதல்ல உள்ள போவணும். புதுசுல எனக்கு இது தெரியாம மந்தைவெளி ஃபிரிட்ஜ கதவுகிட்ட ஏத்தி, மொத டெலிவரியான கச்சேரி ரோடு மிக்ஸி பாக்ஸ உள்ள தள்ளிட்டேன். காலைல பத்து மணிக்கு கச்சேரி ரோட்ல ஃபிரிட்ஜ எறக்கி வச்சிட்டு நிக்கிறேன், போற வர்றவன் எல்லாம் என்ன விலைன்னு கேக்குறான்.

கேள்வி (திருவொற்றியூர், பெண்): அண்ணா, நான் சேரலாம்னு இருக்கேன். வீட்ல வேணாங்குறாங்க. உயரமும் கம்மி.

சேருங்கம்மா. சீட்ட முன்னாடி தள்ளி, கிளட்ச முழுசா அமுக்குனப்பவும் முட்டி லேசா மடங்கி இருந்தா போதும், முதுகுக்கு ஒரு குஷன் வச்சுக்கோங்க. வெயிட் தூக்குறப்ப இடுப்ப வளைக்காம முட்டிய மடக்கித் தூக்குங்க, இது ஆம்பளைங்களுக்கும்தான், எங்க செட்ல பாதிப் பேரு பெல்ட் போட்டுட்டு சுத்துறோம். உண்மையான பிரச்சினை டாய்லெட்தான், மறைச்சு சொல்ல விரும்பல. பெட்ரோல் பங்க்ல காசு இல்லாம விடணும், தயங்காம கேளுங்க. அண்ணா நகர்ல, தி. நகர்ல டெலிவரி ஆளுங்களுக்குன்னே கார்ப்பரேஷன் ஏசி ரெஸ்ட் ரூம் கட்டியிருக்கு, அங்க டாய்லெட்டும் உண்டு. தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, மே மாசத்துல அது நேரா ஆஸ்பத்திரில போய் நிக்கும்.

கேள்வி (புளியந்தோப்பு): ராத்திரி கொஞ்சம் சாப்ட்டா காலைல தெரியுமா?

தெரியும். 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டுனா கேஸ், மொத தடவையே 10,000 ஃபைன் இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டுமே கூட வரலாம். ட்ரெயினிங் நாள்ல ஊத சொல்றாங்களோ இல்லையோ, பக்கத்து சீட்ல உக்காந்திருக்குற எனக்கு வாசனை வரும்பா.

கேள்வி (மேற்கு மாம்பலம்): மழைல சப்வே?

பாதி டயர் முழுகுற தண்ணின்னு தெரிஞ்சா போவாத. துரைசாமி, ரங்கராஜபுரம், கணேசபுரம் சப்வே எல்லாம் நேத்து போனேன் இன்னிக்கும் போவேன்னு சொல்ற எடம் இல்ல. உள்ள ஆஃப் ஆயிட்டா திரும்ப செல்ஃப் அடிக்காத, என்ஜினுக்குள்ள தண்ணி போயிருந்தா அதோட முடிஞ்சுது. பார்சல் லேட்டானா கஸ்டமர் திட்டுவாரு, திட்டட்டும்.

கேள்வி (ஆவடி): ஒரு எடத்துல ட்ரெயினிங் ஃபீஸ் கட்டுனா வேலை கன்ஃபார்ம்னு சொல்றாங்க, ஒரிஜினல் லைசென்ஸும் குடுக்கணுமாம்.

ரெண்டும் குடுக்காத. லைசென்ஸ் ஜெராக்ஸ் குடு, இல்ல டிஜிலாக்கர்ல காட்டு. வேலைக்கு எடுக்குற கம்பெனி ட்ரெயினிங் நாளுக்கு உனக்குதான் காசு தரணும். சம்பளம் எவ்ளோன்னு கேக்குறதோட நிறுத்தாம பிஎஃப், ஈஎஸ்ஐ இருக்கா, வண்டில கீறல் வுழுந்தா யாரு கட்டணும், கேஷ் ஆன் டெலிவரி காசு கம்மியானா யாரு தலைல வுழும், இதயும் கேளு. முகம் சுளிச்சா அந்த எடம் வேணாம்.

கேள்வி (ராயபுரம்): நாளைக்கு ட்ரெயினிங். என்ன போட்டுட்டுப் போறது?

ஷூ. புதுசு வேணாம், பழகுன ஷூ, அடிப்பக்கம் மெலிசா இருந்தா இன்னும் நல்லது, பெடல் கால்ல தெரியும். செருப்பு போட்டா கழண்டு பிரேக் பெடலுக்கு அடியில போய் மாட்டிக்கும். தண்ணி பாட்டிலயும் கால்கிட்ட வைக்காத, ஸ்டாண்டுல சொருகு, இல்ல சீட்டுக்குப் பின்னாடி. எனக்கு கத்திப்பாரா எறக்கத்துல ஒரு லிட்டர் பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில போயி, நான் மிதிக்கிறேன் பெடல் பாதிக்கு மேல எறங்கல, கியர கொறைச்சு ஹேண்ட் பிரேக்க இழுத்து ஓரமா நிறுத்துறதுக்குள்ள சட்டை முழுக்க வேர்வை. அந்த பாட்டில் நசுங்கிப் போயி இன்னும் எங்க வீட்டு பரண்ல கெடக்கு, தூக்கிப் போட மனசு வரல.