மலாக்கா வேண்டாம் தம்பி, குளுவாங் போங்கள்

தம்பி, நானும் மனைவியும் சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது, அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், இங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்து நான்கு பேரும் சனிக்கிழமை காலை கிளம்பி மலேசியாவின் மலாக்கா வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாமா, அம்மா சைவம் என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் நீங்கள் சொன்ன நான்கில் மூன்றை மாற்றச் சொல்வேன்: இங்கே கார் எடுக்க வேண்டாம், சனிக்கிழமை வேண்டாம், மலாக்காவும் வேண்டாம், அதைவிடப் பக்கத்தில் இருக்கும் குளுவாங் போங்கள். அம்மா சைவமாகவே இருக்கட்டும், அதற்கு வழி இருக்கிறது.

முதலில் கடற்பாலம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாரு (சுருக்கமாக ஜேபி) வரை மொத்தம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். 1924இல் திறந்த பாலம். அதைக் காரில் கடக்கப் பத்து நிமிடமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். வெள்ளி மாலை, சனி காலை, ஞாயிறு இரவு, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை இதெல்லாம் நான்கு மணி நேரக் கணக்கு. துவாஸ் பக்கம் 1998இல் வந்த இரண்டாவது பாலம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நீளமான வார இறுதியில் அதுவும் நிற்கும். நாங்கள் ஒருமுறை பிள்ளைகளோடு ஞாயிறு சாயங்காலம் திரும்பும்போது பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டோம். சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. அவன் அவசரத்துக்கு ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டில்தான் கைகொடுத்தது. அன்றைக்கு மலாக்காவில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவில்லை, பாட்டில் மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

பழைய ஆட்கள் யாராவது "ஞாயிறு போ, ஜோகூரில் அன்று வேலை நாள், கூட்டம் இருக்காது" என்று சொன்னால் கேட்காதீர்கள். அது பழைய கதை. ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே நாளில் லீவு. செவ்வாய் அல்லது புதன்கிழமைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள், அதுதான் என் யோசனை.

அடுத்தது கார். சிங்கப்பூர்ப் பதிவெண் காரை வாடகைக்கு எடுத்து மலேசியா கொண்டுபோக, வாடகை நிறுவனம் எழுத்தில் அனுமதி தர வேண்டும், காப்பீடு அங்கேயும் செல்ல வேண்டும், காருக்கு மலேசியாவின் விஇபி என்கிற வாகன நுழைவு அனுமதிப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் பட்டை இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம். நுழையும் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் தனி. மலேசியா போக விடும் கார்களுக்குப் பல இடங்களில் நாள் வாடகைக்கு மேல் இன்னொரு தொகையும் போடுவார்கள். அப்புறம் முக்கால் டேங்க் சட்டம். சிங்கப்பூர் காரில் வெளியே போகும்போது எரிபொருள் முக்கால் அளவாவது இருக்க வேண்டும். அங்கே மலிவாக நிரப்பிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று 1991இலிருந்து இந்த அளவு. முள் கொஞ்சம் கீழே இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமும் உண்டு. நான் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், வீட்டிலிருந்து கிளம்பும்போது சரியாக முக்காலில் இருந்தது, வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஏசி ஓடியதில் முள் இறங்கிவிட்டது.

அதனால் நான் இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போய்த்தான் கார் எடுக்கிறேன். ஜேபி சென்ட்ரல் நிலையத்தைச் சுற்றியே வாடகை இடங்கள் இருக்கின்றன. மலேசியப் பதிவெண், அதனால் விஇபி இல்லை, முக்கால் டேங்க் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. மைவி என்கிற சின்னக் கார் ஒன்று எடுத்தால் நான்கு பேருக்குத் தாராளம். வாடகை எனக்கு எப்போதும் இங்கே கேட்பதைவிடக் கணிசமாகக் குறைவாகவே வந்திருக்கிறது. பெட்ரோல் போடும்போது மட்டும் கவனம்: ரோன்95 என்கிற சாதாரணப் பெட்ரோலுக்கு மானிய விலை மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டைக்குத்தான், நமக்குச் சந்தை விலை. அப்படியும் இங்கேவிட மலிவு. சாவி வாங்கும்போது டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டை இருக்கிறதா, அதில் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். நெடுஞ்சாலை டோலில் ரொக்கம் நீட்ட முடியாது. காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறல் ஒன்றுக்கு நான் ஒருமுறை முன்பணத்தில் பாதியை இழந்தேன்.

உரிமம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, அதனால் சொல்கிறேன். இந்திய உரிமத்தோடு சிங்கப்பூரில் 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி இங்குள்ள உரிமமாக மாற்றிவிடுங்கள், உங்களுக்கு நான்கு மாதம்தான் மீதி. சிங்கப்பூர் உரிமம் கையில் இருந்தால் மலேசியாவில் கேள்வி இல்லை. இன்னும் மாற்றவில்லை என்றால் ஊரில் ஆர்டிஓவில் எடுத்த பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கூட இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பாருங்கள்: அப்பா அம்மாவின் சிங்கப்பூர் விசா. பலமுறை நுழையும் விசாவா, ஒருமுறை மட்டுமா? ஒருமுறை என்றால் பாலத்தைத் தாண்டிய அந்த நிமிடமே அது முடிந்துபோனது, திரும்பி வர வேறு விசா வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மாமனார் இப்படி ஜேபியில் நின்றார். மலேசியாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்கு இப்போது விசா தேவையில்லை, 2023 டிசம்பரில் தொடங்கிய சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மலேசியாவின் மின் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் முன்கூட்டியே நான்கு பேருக்கும் நிரப்ப வேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை அப்பா அம்மாவுக்கு மட்டும் வேண்டும். பாஸ் வைத்திருக்கிற உங்கள் இருவருக்கும் தரைவழியில் தேவையில்லை.

சரி, காரில்லாமல் பாலத்தை எப்படித் தாண்டுவது? நாமிருவர் என்றால் 170 பஸ் போதும். பெரியவர்களுக்கு அது சிரமம். இரண்டு சோதனைச்சாவடியிலும் இறங்கி, மாடி ஏறி, நடந்து, மறுபடி வரிசை நிற்க வேண்டும். பஸ்ஸும் உங்களுக்காக நிற்காது, அதே சேவையின் அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டியதுதான், பையை உள்ளே விட்டு இறங்கினால் போச்சு. அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். குவீன் ஸ்திரீட் பான் சான் முனையத்தில் எல்லை தாண்டும் டாக்சி இருக்கிறது, அதில் உட்கார்ந்தபடியே கடவுச்சீட்டை நீட்டலாம். இல்லையென்றால் உட்லண்ட்ஸுக்கும் ஜேபிக்கும் இடையே ஓடும் தெப்ராவ் ரயில். ஐந்தே நிமிடப் பயணம், இங்கிருந்து போக 5 வெள்ளி, போகும்போது இரண்டு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். வார இறுதி டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, வார நாளில் கிடைக்கும். போகும்போது டாக்சி, வரும்போது ரயில் என்று வைத்துக்கொண்டால் அப்பாவுக்கு இரண்டும் பார்த்த மாதிரி இருக்கும்.

மலாக்கா ஏன் வேண்டாம்? ஜேபியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். போக வர ஐந்து மணி நேரம், பாலம் இரண்டு முறை, சாப்பிடும் நேரத்தைவிட உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிவிடும். தவிர மலாக்காவின் பேர்பெற்ற சாப்பாடு கோழிச்சோற்று உருண்டையும் சீன மலாய்க் கலப்புச் சமையலான பாபா நோன்யா மீன் குழம்பும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோவில் இருக்கிறது, பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு இரவு தங்கும் திட்டத்தோடு போங்கள். மூவார் இன்னும் அருமையான ஊர், அங்கே காலைப் பசியாறவே சத்தே என்கிற குச்சியில் சுட்ட இறைச்சி சாப்பிடுவார்கள், ஆனால் அதுவும் இறைச்சி, மீன் ஊர்தான்.

குளுவாங் நூற்றுப் பத்து கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஆயர் ஈத்தாமில் இறங்கி வலப்பக்கம் கிழக்கே இருபது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110, இங்கே 90 ஓட்டிப் பழகிய காலுக்குச் சுகமாக இருக்கும், கேமராவும் இருக்கும். மழை பிடித்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்தடியில் கூட்டமாக ஒதுங்கி நிற்பார்கள், இடது ஓரத்தில் கண் இருக்கட்டும். வழியெல்லாம் செம்பனை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பால்மரக் (ரப்பர்) காடு, நம் ஆட்கள் விடியுமுன் எழுந்து மரம் சீவிய தோட்டங்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லுங்கள்.

குளுவாங் என்றால் பழந்தின்னி வௌவால் என்று பொருள், ஊரில் வேறு அதிசயம் எதுவும் இல்லை. ரயில் நிலையத்தில் 1938இலிருந்து ஒரு காப்பிக்கடை இருக்கிறது, அதற்காகத்தான் போகிறோம். குளுவாங் ரயில் காப்பி என்று இப்போது பல ஊரில் கிளை உண்டு, நீங்கள் நிலையத்தில் இருப்பதற்குப் போங்கள். பளிங்கு மேசை, கரியில் வாட்டிய பன், வாழையிலையில் உள்ளங்கை அளவுக்குப் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. காப்பி நம் டிகிரி காப்பி இல்லை. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய்யும் போட்டுக் கருக வறுத்து, துணிப்பையில் வடிப்பது. கோப்பி என்றால் கெட்டிப்பால் ஊற்றி வரும், கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும். அம்மாவுக்குச் சுண்டிய பாலும் சர்க்கரையும் சேர்த்த கோப்பி சி கேளுங்கள், அதுதான் நம் நாக்குக்கு ஓரளவு அருகில் வரும். என் மாமியார் முதல் வாய்க்கு முகம் சுளித்தார், இரண்டாவது கோப்பையை அவரே கேட்டார்.

இப்போது சைவ விஷயம். இங்கே கவனம் தப்பும் இடம் மூன்று. ரொட்டியில் தடவும் காயா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்தது, அம்மா முட்டை சாப்பிடாதவர் என்றால் வெண்ணெய் மட்டும் தடவித் தரச் சொல்லுங்கள். நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும், அதை எடுத்துவிட்டாலும் சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது கரைந்திருக்கும். மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய்க்குப் பருப்பு ஊற்றும்போது, கேட்காமலே மேலே ஒரு கரண்டி மீன் குழம்பும் விழும். "பருப்பு மட்டும்" என்று தமிழிலேயே சொல்லுங்கள், பாதிக் கடைகளில் புரியும். சானாய் என்பது சிங்கப்பூரில் புராட்டா, நம் ஊரில் பரோட்டா. எது சரி என்று அப்பாவை வாதத்துக்கு இழுக்காதீர்கள், மதியம் ஆகிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஜேபிக்கே திரும்பிவிடுங்கள். ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகளைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஜேபியில் ஜாலான் உங்கு புவான் பக்கம் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், அங்கே ராஜமாரியம்மன் கோவில், பூக்கடை எல்லாம் இருக்கின்றன. கண்ணாடிக் கோவில் என்று சொல்லும் ராஜகாளியம்மன் கோவிலுக்கும் காரில் சில நிமிடம்தான், உள்ளே சுவர் தூண் கூரை எல்லாம் கண்ணாடிச் சில் பதித்தது. சாப்பிட்டபின் ஜாலான் தோபி. பெயரே சொல்கிறது, ஒரு காலத்தில் சலவைக்காரர்களின் தெரு. 1937இலிருந்து விறகடுப்பில் ரொட்டி சுடும் சலாவுதீன் பேக்கரி அங்கே. அடுத்த தெரு ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ, 1919ஆம் ஆண்டுக் கடை, வாழைப்பழ கேக்குக்கு வரிசை நிற்கும். மாலைக்குள் தீர்ந்துவிடும், அதனால் காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதை முடியுங்கள். டுரியான் சீசன் என்றால் ஆசைப்பட்டுக் காருக்குள் ஏற்றாதீர்கள், வாசனை போகச் சுத்தம் செய்யும் காசு உங்கள் தலையில் விழும்.

திரும்பும்போது பை கனமாக இருக்க வேண்டாம். இறைச்சிப் பண்டம் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு கொண்டுவரலாம் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பின் பட்டியல் உண்டு, அதைப் படிப்பதைவிடப் பார்சல் வாங்காமல் வருவது எளிது. சூயிங்கம் கூடாது. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கு வரிச்சலுகை கிடையாது. பலருக்குத் தெரியாத ஒன்று: 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு 100 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு என்கிறார்களே, அது உங்களைப் போன்ற வேலை அனுமதி பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. உங்கள் பெட்டியில் இருப்பதற்கு 9 விழுக்காடு கணக்குப்படி நீங்களே அறிவித்துக் கட்ட வேண்டும்.

மாலை ஆறு மணி ரயிலைவிட நாலரை, ஐந்து வாக்கில் இருப்பதைப் பிடிப்பது நல்லது. வேலை முடிந்து போகிறவர்கள் கூட்டத்தில் அப்பாவை நிற்க வைக்க வேண்டாம். இன்று இரவே ஊருக்குப் போன் போட்டு விசாத் தாளை வாட்ஸாப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் எத்தனை முறை நுழையலாம் என்று பார்த்தபின் ரயில் டிக்கெட்டும், அதன்பின் காரும்.