அந்த 1,285 பேரில் ஒருவர்

அன்புள்ள ஐயா,

என் அப்பா சென்ற ஆண்டு ஆவணியில் காலமானார். விருதுநகர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். 1966 முதல் இருபத்திரண்டு குயர் நோட்டுகள் எழுதி வைத்திருக்கிறார், கடைசி நோட்டில் மட்டும் சில பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கு அல்ல, அன்றன்றைக்கு அவருக்குத் தோன்றியவை. தேர்தல், கிரிக்கெட், சொந்தக்காரர்கள், சரித்திரம் என எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம். பல ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, எது அவருடைய உண்மையான கருத்து என்று தெரியவில்லை. தகவல் பிழைகளும் உண்டு. "இதில் என்ன இருக்கிறது, பேப்பர் கடைக்குப் போடலாம்" என்கிறான் தம்பி. அத்தையைப் பற்றிய பக்கங்களை மட்டும் கிழித்துவிடச் சொல்கிறாள் அக்கா. எனக்கோ பிழைகளைத் திருத்தி, தட்டச்சு செய்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு சாதாரண மனிதரின் அன்றாடக் கருத்துகளுக்கு வீட்டுக்கு வெளியே ஏதாவது மதிப்பு உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு இரவுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பியிடம் சொல்லி முதலில் அந்த நோட்டுகளைத் தரையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

1967 பிப்ரவரிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஓட்டுரிமைக்கு 21 வயது என்றிருந்த காலம், ஆகவே அதுதான் அவருடைய முதல் ஓட்டு. விருதுநகரில் காமராஜரை எதிர்த்து மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் நிற்கிறார். 1965 மொழிப்போர் ஓய்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, அரிசித் தட்டுப்பாடு வேறு. அப்பா எழுதுகிறார்: "அரிசிக்குக் கால்கடுக்க நின்றவன் போட்ட ஓட்டு. பெரியவர் மேல் கோபம் இல்லை." காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். அந்தத் தோல்வியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். மொழி, விலைவாசி, கூட்டணி என்று காரணங்களை அடுக்குவார்கள். ஆனால் கோபமே இல்லாமல் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒருவரை நான் சந்தித்தது உங்கள் அப்பாவின் கையெழுத்தில்தான்.

அதோடு முடியவில்லை. 1975 அக்டோபர் 2, காமராஜர் மறைந்த நாள். அன்றைக்கு அப்பா எழுதியது ஒரே வரி: "அந்த 1,285-இல் நான் ஒன்று." அதற்கு அடுத்த பதிவு பதினோரு நாள் கழித்து இருக்கிறது. நாள் தவறாமல் எழுதியவர் பதினோரு நாள் பேனாவைத் தொடவில்லை. இதைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

நீங்கள் திருத்த நினைக்கும் பிழையும் இதைச் சேர்ந்ததுதான். 'காமராஜர் 1954-ல் மதியச் சாப்பாடு கொண்டுவந்தார், நானும் சாப்பிட்டேன்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அவர் முதலமைச்சரானது 1954, மதிய உணவுத் திட்டம் வந்தது 1956. பள்ளிக்கூடத்துப் பையனின் ஞாபகத்தில் காமராஜர் வந்ததும் சோறு வந்ததும் ஒரே நாள். அந்தப் பிழையைத் திருத்திவிட்டால், 1967-இல் அந்தப் பையன் யாரை எதிர்த்து ஓட்டுப் போட்டான் என்பதும், 1975-இல் ஏன் பேனாவை மூடி வைத்தான் என்பதும் மங்கிப் போய்விடும். அவர் எழுதியதை எழுதியபடியே தட்டச்சு செய்யுங்கள். சரியான ஆண்டைப் பக்கத்தின் அடியில், உங்கள் பெயரில், சிறிய எழுத்தில் போடுங்கள். அவருடைய வாக்கியத்துக்குள் நீங்கள் நுழைய வேண்டாம்.

முரண்கள் என்று எழுதியிருந்தீர்கள். 1999 நோட்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜனவரி 31, பாகிஸ்தானோடு சேப்பாக்கம் டெஸ்ட். வெற்றிக்கு 271 வேண்டும். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 அடிக்கிறார். 17 ரன் பாக்கி இருக்கும்போது அவுட். பின்னால் வந்தவர்கள் நான்கே ரன்னில் போய்விட, பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. வாசிம் அக்ரமும் மற்றவர்களும் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உங்கள் அப்பா எழுதுகிறார்: "நானும் டிவி முன்னால் எழுந்து நின்றேன். வீட்டில் சிரித்தார்கள்." அதே நோட்டில், கார்கில் சண்டை நடந்த ஜூனில், "இவர்களோடு இனி ஆடவே கூடாது" என்று கோபமாக எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, ஜூன் 8, மான்செஸ்டரில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக வெங்கடேஷ் பிரசாத் ஐந்து விக்கெட் எடுத்த உலகக் கோப்பை ஆட்டத்தை ஓவர் ஓவராகக் குறித்திருக்கிறார். ஆடவே கூடாது என்றவர் ஒரு பந்து விடாமல் பார்த்திருக்கிறார்! இதில் எது அவருடைய உண்மையான கருத்து என்று கேட்கிறீர்கள். மூன்றும்தான். ஜனவரியில் எழுந்து நின்றவரும் ஜூனில் கொதித்தவரும் ஒரே ஆள் என்பதை அந்த நோட்டு காட்டுகிறது. பின்னாளில் பேட்டி எடுத்திருந்தால் இவற்றில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வெளியே மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த வணிகர். கப்பல் வந்ததும் போனதும் விலைவாசியும் ஊர்வம்பும் எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துப்ளேயின் மனைவி மேல் அவருக்கிருந்த மனத்தாங்கலுக்கு அளவில்லை. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தபோது பட்ட வேதனையையும் எழுதினார். 1846-இல் அது வெளிச்சத்துக்கு வரும்வரை அதுவும் பழைய தாள்தான். நம் ஊரில் இப்படி எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு, எழுதியவற்றில் எடைக்குப் போனதே அதிகம். என் அப்பா நாள் முழுவதும் அரசியல் பேசுவார், ஒரு வரி எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் பேச்சில் நாலைந்து வாக்கியம்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. உங்களிடம் இருபத்திரண்டு நோட்டு இருக்கிறது.

இனி அக்காவின் கவலை. அது நியாயமான கவலை, ஏனென்றால் அத்தை உயிரோடிருக்கிறார். மகள்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அதில் பங்கு இல்லை. அத்தைக்கு 1978-இல் கல்யாணம். "கட்டிக்கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு, இனி என்ன பங்கு" என்று அப்பா 1989 நோட்டில் எழுதிய பக்கம் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கிறது. அக்கா அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார் என்று தோன்றுகிறது. 2005 நோட்டைப் பாருங்கள். முன்பே கல்யாணமான மகள்களுக்கும் பங்கு தரும் மத்திய அரசின் திருத்தம் வந்த செப்டம்பர் மாதம். "சட்டம் இப்போது தங்கச்சி பக்கம். அவள் இன்னும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் கிணற்றடி நிலத்தின் அளவு, சென்ட் கணக்கில். இரண்டு அண்ணன் தம்பிக்கும் ஒரு தங்கைக்குமாக மூன்றால் வகுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு அதன் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறார். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது.

அக்கா கிழிக்கச் சொல்லும் பக்கங்களில் இதுவும் போய்விடும். அப்பா அந்த நிலத்தைக் கொடுக்கவில்லை, அது உண்மை. அதை மறைத்து எழுத நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றால் வகுத்தார் என்பதும் உண்மை, அது அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

எனவே தட்டச்சு, புத்தகம் எல்லாம் பிறகு. 1989, 2005 நோட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போங்கள், முடிந்தால் அக்காவோடு. அந்தக் கொடூரமான பக்கத்தையும் விடாமல் வாசித்துக் காட்டுங்கள், வகுத்த கணக்கை அவர் கையில் கொடுங்கள். அழலாம், திட்டலாம், நிலத்தைக் கேட்கவும் செய்யலாம். கேட்டால் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டாவது நோட்டில் கடைசிப் பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அத்தை சொல்வதை அதில், தேதி போட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.

அன்புடன்.