சதவீதம் வேறானால் தகப்பன் வேறா?

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் மகனும் மகளும் எச்சிலைக் குப்பியில் அனுப்பி வம்சாவளி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டார்கள். மகளுக்கு மட்டும் ‘மத்திய ஆசியா 6 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. மகனுக்கு அது இல்லவே இல்லை. என் நாத்தனார் உறவினர் நடுவே ஒரு மாதிரியாகச் சிரித்தார். கணவர் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: சகோதரி, அந்த 6 சதவீதத்தை வைத்து உங்கள்மேல் எந்தப் பழியும் சுமத்த முடியாது. இதை முதலில் மனதில் வையுங்கள்.

பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி டிஎன்ஏ வருகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு கருவுக்கும் மாறும். மகளுக்கு வந்த துண்டு மகனுக்கு வராமலே போகலாம்.

அந்தத் துண்டுக்கு ‘மத்திய ஆசியா’ என்று பெயர் வைத்தது நிறுவனத்தின் ஊகம். தங்களிடம் இருக்கும் இன்றைய மனிதர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, யாருடையதைப் போல் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். மாதிரிகள் மாறினால் விடையும் மாறும். 2019-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே கருவில் பிரிந்த இரட்டைச் சகோதரிகளின் எச்சிலை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பியது. இருவரின் டிஎன்ஏவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் அந்த ஐந்தில் ஒன்றான 23அண்ட்மீ நிறுவனம் ஒருவருக்கு 2.6 சதவீதம் பிரெஞ்சு, ஜெர்மானியப் பூர்வீகம் என்றது. மற்றவருக்கு அது இல்லை என்றது!

அதே பரிசோதனையில் உறவினர் பட்டியல் என்று ஒன்று உண்டு. அது வேறு விஷயம். இருவரின் டிஎன்ஏ எவ்வளவு நீளம் ஒத்துப்போகிறது என்பதை அங்கே நேராக அளக்கிறார்கள். முழு உடன்பிறப்புகளுக்குச் சராசரியாக 50 சதவீதம், பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவானவர்களுக்குச் சுமார் 25. இதை நம்பலாம். ஒரே நிறுவனத்தில் சோதித்திருந்து, பிள்ளைகள் இருவரும் விரும்பினால் பார்த்துக்கொள்ளட்டும். நாத்தனாருக்குக் காட்டுவதற்காக மட்டும் வேண்டாம். ஒரு சிரிப்புக்கு நீங்கள் சாட்சி கொண்டுவர வேண்டியதில்லை.

பார்த்து முடித்ததும் கணக்கை நீக்கிவிடச் சொல்லுங்கள். 2023-இல் 23அண்ட்மீயில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் இந்த உறவினர் வசதி வழியாகத்தான் திருடுபோயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் கொடுத்தது.

இனி உங்கள் கணவர். இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தங்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.